வானொலி நிலையங்கள் அரசியல் பேச்சு நிகழ்ச்சிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவது ஏன்? அதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

நான் வானொலித் துறைக்காரன் இல்லை. ஆனால் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் காதில் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு நிலையம் இப்படித்தான் போனது. அப்போது கொஞ்சம் தேடிப் படித்ததை வைத்துச் சொல்கிறேன்.

சான்பிரான்சிஸ்கோவின் கேஜிஓ, ஏஎம் 810. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1924இல் ஓக்லாந்தில் தொடங்கியது. 50,000 வாட் ஆற்றல். நான் 2006இல் ஃப்ரீமாண்டில் குடியேறினேன். தினமும் டம்பார்ட்டன் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போக வேண்டும். பாலத்தில் ஏறும்போது உப்பளங்களுக்கு நடுவே மூன்று கோபுரங்கள் தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும் குரல் அங்கேயிருந்துதான் புறப்படுகிறது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதியில்லாத நாட்டிலிருந்து வந்தவனுக்கு அது விசித்திரமாக இருந்தது. யாரோ ஒரு பெரியவர் ஹேவர்டிலிருந்து போன் செய்து பாலச் சுங்கக் கட்டணத்தைத் திட்டுவார். அடுத்து ஒரு ஆசிரியை அவரை மறுத்துப் பேசுவார். தொகுப்பாளர் இருவரையும் சீண்டிவிட்டு விளம்பரத்துக்குப் போவார். இரவில் ஏஎம் அலைகள் வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும் என்பதால், ஓரிகானில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் லாரி ஓட்டுநரும் வந்து கலந்துகொள்வார். இந்த ஊரின் அரசியலை நான் கற்றுக்கொண்டது அந்தச் சண்டைகளில்தான். தேர்தல் துண்டறிக்கைகளில் அல்ல.

2022 அக்டோபர் 6, வியாழக்கிழமை. காலை நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தப்பட்டது. நன்றி சொல்லி ஒரு பதிவு செய்த அறிவிப்பு, பிறகு பணத்தையும் சூதாட்டத்தையும் பற்றிய பாடல்கள், வரிசையாக. திங்கட்கிழமை விளையாட்டுப் பந்தயம் பற்றிய நிலையமாக மறுபிறவி.

ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை? எனக்குப் புரிந்தவரை, இது அந்தத் தொழிலில் பழைய வழக்கம். வேலை போகப்போகிறது என்று தெரிந்த தொகுப்பாளரின் கையில் நேரலை ஒலிவாங்கியை ஒரு வாரம் கொடுத்துவைக்க எந்த முதலாளியும் துணிய மாட்டார். அழைப்பவர்கள் எல்லோரும் ஒப்பாரி வைப்பார்கள், விளம்பரதாரர்கள் அந்த ஒரு வாரத்துக்குள் நழுவிவிடுவார்கள். நடுவில் ஒரே வகைப் பாட்டாகப் போட்டுக் குழப்புவதும் கணக்கோடுதான்: என்ன நடக்கிறது என்று நாலு பேர் பேசட்டும், கேட்காதவனும் திருப்பிப் பார்க்கட்டும். விடைபெறும் நிகழ்ச்சி ஒன்று வைத்திருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது நேயரின் ஆசை. கணக்குப்பிள்ளையின் ஆசை வேறு.

மாற்றியதற்கான காரணம் அரசியல் என்று நண்பர்கள் சிலர் அடித்துச் சொன்னார்கள். கேஜிஓ பெரும்பாலும் இடது பக்கம் சாய்ந்த பேச்சு. அதே உரிமையாளரின் இன்னொரு நிலையமான ஏஎம் 560இல் வலதுசாரிப் பேச்சு தொடர்ந்துகொண்டிருந்தது. ஆகவே சந்தேகம் வருவது இயல்பு. நான் நம்பவில்லை. சரிவு வெகுநாளைக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1970களின் கடைசியிலிருந்து முப்பது ஆண்டுகள்போல் வட்டாரத்தில் முதலிடத்தில் இருந்த நிலையம் இது. அந்தக் காலத்தில் யார் எதைக் கேட்கிறார்கள் என்பதை நேயர்களே டைரியில் எழுதிக் கொடுப்பார்கள். பழக்கத்தில் நாள் முழுக்க 810 என்று எழுதிவிடுகிறவர்கள் இருந்திருப்பார்கள். 2008 வாக்கில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கருவி வந்தது. காதில் விழுவதை அதுவே குறித்துக்கொள்ளும். மனிதனின் விசுவாசத்தை அது மதிக்காது. அடுத்து 2011 டிசம்பரில், புதிய உரிமையாளரின் கீழ், பேச்சாளர்களில் பெரும்பாலானோரை அனுப்பிவிட்டுப் பகல் முழுக்கச் செய்தி என்று ஆக்கினார்கள். பிறகு மறுபடி பேச்சு. வீடு மாற்றி மாற்றிக் குடியிருப்பவனுக்குக் கடிதம் போய்ச் சேராது அல்லவா, அந்தக் கதைதான்.

நானும் யோக்கியன் இல்லை. 2020இல் வீட்டிலிருந்தே வேலை என்றானது. பாலமும் போனது, வானொலியும் போனது. அடுத்த ஆண்டு மின்சார கார் வாங்கினேன். மோட்டார் கிளப்பும் மின்காந்த இரைச்சல் ஏஎம்மைக் கெடுக்கும் என்பதால் பல மின்சார கார்களில் அந்த வசதியே வருவதில்லை, என்னுடையதிலும் இல்லை. அந்த வியாழக்கிழமை நான் மனைவியிடம் புலம்பியபோது, "கடைசியாக எப்போது கேட்டீர்கள்?" என்றாள். பழைய காரை விற்பதற்கு முன்பு என்பதுதான் பதில். நிறுத்தப்பட்ட செய்தியே எனக்குக் கைப்பேசி வழியாகத்தான் வந்திருந்தது.

பந்தயத்துக்கு மாறிய நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியாவில் விளையாட்டுப் போட்டிகளின்மேல் பணம் கட்டுவதற்கு அப்போது சட்டத்தில் இடமில்லை. அதை அனுமதிக்கக் கேட்கும் 26, 27 என்ற இரண்டு முன்மொழிவுகள் நவம்பர் 8 அன்று வாக்கெடுப்புக்கு வந்தன. கடைக்கு முதலிலேயே பெயர்ப்பலகை மாட்டிவிட்டார்கள். வாக்காளர்கள் இரண்டையும் பெரும் வித்தியாசத்தில் நிராகரித்தார்கள்.

சட்டம் பற்றிய கேள்விக்கு: இல்லை, தடுக்க முடியாது. ஆனால் முயன்று பார்த்தவர்கள் உண்டு. நியூயார்க்கில் டபிள்யூஎன்சிஎன் என்ற செவ்வியல் இசை நிலையம் 1974 நவம்பரில் ராக் இசைக்கு மாறியது. நேயர்கள் சங்கம் அமைத்துச் சண்டை போட்டார்கள். நிலையம் கைமாறி, 1975இல் செவ்வியல் இசையே திரும்ப வந்தது. அதற்கப்புறமும் கொள்கை அளவில் வழக்கு நடந்தது. ஒரு ஊரில் வேறெங்கும் கிடைக்காத வகை நிகழ்ச்சியை ஒரு நிலையம் கைவிடும்போது, உரிமம் வழங்கும் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் விசாரிக்க வேண்டுமா என்பதே கேள்வி. வேண்டும் என்றது வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம். 1981இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது: எதை ஒலிபரப்புவது என்பதைச் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்ற ஆணையத்தின் நிலை செல்லும். அன்றிலிருந்து உரிமையாளர் காலையில் அரசியல் பேசலாம், மாலையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போடலாம். நேயர் தொலைபேசியில் திட்டலாம்.

1993 டிசம்பரில் அதே நியூயார்க் அலைவரிசை மறுபடியும் ராக்குக்குப் போனது.