எலிக் கருவில் ‘கிட்’ மரபணு வெளிப்படும் இடங்கள்

கேள்வி: புரத கைனேஸ் ஒன்றின் மரபணு எலிக் கருவில் எந்த நாளில், எந்தத் திசுவில் வெளிப்படுகிறது என்பதை ஆய்வாளர்கள் மிகுந்த உழைப்புடன் பதிவு செய்கிறார்கள். எல்லாச் செல்களிலும் அதே மரபணுதானே இருக்கிறது? இப்பதிவால் என்ன தெரியவரும்?
– உயிரியல் பட்ட வகுப்பு மாணவி ஒருவர்

பதில்: மரபணு எல்லாச் செல்களிலும் இருந்தாலும், அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும் செல்களில்தான் புரதம் உருவாக முடியும். ஆகவே, மெல்லிய கரு வெட்டுகளின்மேல் அடையாளமிட்ட ஆர்.என்.ஏ. துண்டுகளைப் படியச் செய்து அந்தத் தூது ஆர்.என்.ஏ. இருக்கும் இடத்தைக் கண்டால், அப்புரதத்தின் பணியைத் தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். பிற புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஏற்றி அவற்றின் செயலை மாற்றும் கைனேஸ்கள் எலியில் 500-க்கு மேல் இருப்பதால், இந்தச் சுருக்கம் சிறிய உதவியன்று.

‘கிட்’ என்னும் டைரோசின் கைனேஸ் (புரதத்திலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றுவது) இதற்கு மிக அழகான சான்று. செல்லின் மேற்பரப்பில், வெளியிலிருந்து வரும் சைகையைப் பெறும் ஏற்பியாக அமைந்திருக்கும் இது, ஏறத்தாழ 20 நாள் நீளும் எலியின் கருக்காலத்தில், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் மூவகைச் செல்களில் வெளிப்படுகிறது: 7-ஆம் நாளையொட்டித் தோன்றிப் பின்னர் இனச்சுரப்பி உருவாகும் மேட்டை நோக்கி இடம்பெயரும் ஆதி இனச்செல்கள் (முட்டை, விந்து ஆகியவற்றின் முன்னோடிகள்), கருவின் முதுகுப்புறத்திலுள்ள நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டுத் தோலைச் சென்றடையும் நிறமி முன்னோடிச் செல்கள், கருவின் கல்லீரலில் பெருகும் இரத்த முன்னோடிச் செல்கள். வெண்மை மயிர், இரத்தசோகை, மலட்டுத்தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்படும் ‘டபிள்யூ’ வகை எலிகளை மரபியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வளர்த்துவந்தார்கள். 5-ஆம் குரோமோசோமிலுள்ள ‘கிட்’ மரபணுவின் பழுதே அதற்குக் காரணம் என்பது 1988-இல் தெளிவாயிற்று.

‘ஸ்டீல்’ என்னும் வேறொரு எலி வகையிலும் இதே மூன்று குறைகள் உண்டு. ஆனால் நலமான எலும்பு மச்சையைச் செலுத்தினால் ‘டபிள்யூ’ எலியின் இரத்தசோகை தீர்ந்தது. ‘ஸ்டீல்’ எலிக்குத் தீரவில்லை. முன்னதில் குறை செல்லிலும், பின்னதில் அச்செல்லைச் சூழ்ந்த திசுவிலும் இருக்க வேண்டும் என்று அன்றே ஊகித்தார்கள். 10-ஆம் குரோமோசோமிலுள்ள ‘ஸ்டீல்’ மரபணு, ‘கிட்’ ஏற்பியுடன் பிணையும் புரதத்தை உருவாக்குவது என 1990-இல் கண்டறியப்பட்டது. அம்மரபணு வெளிப்படும் இடங்களைப் பார்த்தபோது, இனச்செல்கள் கடந்துசெல்லும் பாதையும் அவை சேருமிடமும், தோலும், கரு கல்லீரலும் அவற்றுள் இருந்தன. ஏற்பி ஒரு செல்லிலும் அதற்குரிய புரதம் அதன் அண்டைச் செல்லிலுமாக இரு வரைபடங்களும் இப்படிப் பொருந்தியது, வளர்ச்சி உயிரியலின் மிக நிறைவான முடிவுகளுள் ஒன்று என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வளரும் மூளையின் சில பகுதிகளிலும் ‘கிட்’ வெளிப்படுகிறது. எனினும் ‘டபிள்யூ’ எலிகளின் மூளை அமைப்பில் வெளிப்படையான சிதைவு இல்லை. வெளிப்பாட்டுப் பதிவு எங்கே தேடுவது என்று காட்டுமே தவிர, அந்த இடத்தில் அப்புரதம் இன்றியமையாததா என்பதை மரபணு பழுதான எலிகளை ஆராய்ந்துதான் தீர்மானிக்க முடியும்.