காட்டியுவாவைக் காப்பாற்ற முதலிலிருந்து ஆட வேண்டுமா?

வேண்டாம் நண்பரே. டாக்டிக்ஸ் ஓகர் ரீபார்ன் வீடியோ கேமில் நீங்கள் ஆடும் நாயகன் டெனமின் அக்கா காட்டியுவா இறந்ததற்கு, நீங்கள் நினைப்பதுபோல் முதல் அத்தியாய முடிவில் பால்மமூசா ஊரில், மக்களைப் படுகொலை செய்யச் சொன்னபோது எடுத்த முடிவு காரணமில்லை. அது கதைப் பாதையைத்தான் பிரிக்கிறது. நீங்கள் படுகொலைக்கு ஒப்புக்கொண்டால் டெனமின் நண்பன் வைஸ் எதிர்ப்பான், நீங்கள் மறுத்தால் அவன் ஒப்புக்கொள்வான். (பாவி, எப்படியும் நமக்கு எதிர்ப்பக்கம்தான்!)

காட்டியுவாவின் உயிர் நான்காம் அத்தியாயத்தில், பார்னிசியா கோட்டையில் அவளிடம் பேசும் பதில்களில் இருக்கிறது. அங்கே கடமை, நாடு என்றெல்லாம் பேசாதீர்கள், தம்பியாகப் பேசுங்கள். பிழைத்தால் அவள் அரசியாவாள். இல்லையென்றால் நீங்கள் பார்த்த அதே முடிவு, டெனம் அரசனாவது.

ஒருமுறை முடித்துவிட்டீர்கள் அல்லவா? 'வேர்ல்டு' வசதி திறந்திருக்கும். அதில் நேராக நான்காம் அத்தியாயத்துக்குத் தாவலாம், படையும் கூடவே வரும். அப்புறம், கோட்டைச் சண்டைக்கு முன் தனியாக ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள்.