சுக்ராவில் முதலிடம், நேரடி ஒப்பீட்டில் தோல்வி: எதை நம்புவது?

பல மருந்துகளின் ஆய்வுகளை ஒரே வலையாக இணைத்து ஒப்பிடும் வலைப்பின்னல் பகுப்பாய்வில், சுக்ரா என்ற தரவரிசை மதிப்பெண்ணில் ‘அ’ மருந்து முதலிடம், ஆனால் ‘ஆ’வுடனான நேரடி ஆய்வில் தோல்வி; மென்பொருள் தவறா என்று கேட்டிருந்தீர்கள். மென்பொருள் தவறு செய்யவில்லை, தரவரிசையைத்தான் நம்ப முடியாது. பாலக்காட்டுக் கருத்தரங்கில் அந்தத் தரவரிசைப் படத்தைக் காட்டாதீர்கள். ‘ஆ’வுடன் நேருக்கு நேர் தோற்ற ‘அ’ மருந்து வலைப்பின்னல் பகுப்பாய்வில் முதலிடம் பிடிக்கிறது என்றால், நேரடிச் சான்றும் (இரண்டையும் ஒரே ஆய்வில் ஒப்பிட்டது) மறைமுகச் சான்றும் (இரண்டையும் தனித்தனியாகப் பிளாசிபோ எனும் மருந்தில்லாத போலி மாத்திரையுடன் ஒப்பிட்டுக் கணித்தது) பெரும்பாலும் முரண்படுகின்றன.

பெரும்பாலும் காரணம், ஆய்வுக்கு ஆய்வு நோயாளிகள் வேறுபடுவதுதான். கொழிஞ்சாம்பாறையில் ஒரு லோடு தேங்காய், பொள்ளாச்சியில் ஒரு லோடு. இரண்டு எடைமேடையும் ஒரே மாதிரி காட்டினால்தான் ஒப்பிடலாம். மறைமுக ஒப்பீட்டில் உங்களுக்கு எடைமேடை பிளாசிபோ. ‘அ’வின் பழைய ஆய்வுகளில் நோய் முற்றியவர்கள், ‘ஆ’வின் புதிய ஆய்வுகளில் லேசான நோயுள்ளவர்கள் என்று இருக்கலாம். வித்தியாசம் இருப்பது மட்டும் குற்றமில்லை. அது மருந்தின் பலனையே கூட்டிக் குறைத்தால்தான் சிக்கல்.

1. ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஆண்டு, தொடக்கத் தீவிரம், டோஸ், சிகிச்சைக் காலம் ஆகியவற்றை ஒரு அட்டவணையில் போடுங்கள். பாதி விடை அங்கேயே தெரியும்.

2. அப்புறம் ஆர் எனும் புள்ளியியல் மென்பொருளின் நெட்மெட்டா தொகுப்பில் நெட்ஸ்ப்ளிட் என்ற கட்டளையை ஓட்டி, நேரடி, மறைமுக மதிப்புகளைத் தனித்தனியாகப் பாருங்கள். பிளாசிபோ வழியான எளிய மறைமுக மதிப்பின் மாறுபாடு (variance, மதிப்பு எவ்வளவு நிச்சயமற்றது என்ற அளவு) இரண்டு ஒப்பீடுகளின் மாறுபாட்டுக் கூட்டுத்தொகை. அதனால் அதன் நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) அகலமாக வந்தால் பதற வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: ஆய்வுகள் குறைவாக இருந்தால் முரண் சோதனையின் பி மதிப்பு (வேறுபாடு தற்செயலாக வரக்கூடிய அளவைக் காட்டும் எண்) 0.05-ஐத் தாண்டுவது முரண் இல்லை என்பதற்குச் சான்றாகாது. முரண்படும் ஆய்வைத் தூக்கிப்போட்டு ‘சரி’ செய்வதும் கூடாது.