தானாக அணைந்துவிடும் கணினி: எஸ்எம்பிஎஸ் மாற்றுவதற்கு முன்

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினி, கோடை தொடங்கியதிலிருந்து, வீடியோ எடிட்டிங் செய்யும்போது அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. ஃபேன் பலமாக இரைகிறது. எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுப் பணம் செலவழிக்க வேண்டாம். முதலில் வெப்பத்தை அளந்து பாருங்கள். கோர் டெம்ப், எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றை நிறுவி, எடிட்டிங் வேலை நடக்கும்போது பிராசஸரின் வெப்பநிலையைக் கவனியுங்கள். கடுமையான வேலையின்போது 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை சென்றால் கவலையில்லை. இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலானவை 100 டிகிரியை ஒட்டியும், ஏஎம்டி ரைசன் வகைகளில் பல 95 டிகிரியை ஒட்டியும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால்தான் பாதுகாப்புக்காகக் கணினி அணைந்துபோகும். எனவே 65 டிகிரியிலேயே அணைந்தால் பிராசஸரின் சூடு காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம்.

வெப்பம் 95 டிகிரியை எட்டுகிறது என்றால், கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அதே வேலையை மறுபடி செய்து பாருங்கள். பத்து டிகிரி அளவுக்குக் குறைந்தால் காற்றோட்டம்தான் குறை. கணினி மேசையின் மூடிய அறைக்குள் கேபினட்டை வைத்திருப்பவர்களுக்கு இதுவே வழக்கமான காரணம். அதை வெளியே எடுத்து, பின்புறம் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். அறையின் வெப்பம் ஏறும் அளவுக்குப் பிராசஸரின் வெப்பமும் ஏறத்தாழ ஏறும் என்பதால்தான், மார்கழியில் தெரியாத குறை சித்திரையில் வெளிப்படுகிறது.

கதவைத் திறந்தும் பெரிதாகக் குறையவில்லை என்றால், பிராசஸர் மீதுள்ள ஹீட் சிங்க்கை (அதன் சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகத் தகட்டுத் தொகுதி) பார்க்க வேண்டும். ஃபேன் நன்றாகச் சுற்றுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்; அதற்கு அடியில், அலுமினியத் தகடுகளின் வாய் முழுவதும் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்து, காற்றை உள்ளே விடாமல் அடைத்திருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்ட பிறகே கையை உள்ளே விடுங்கள். புளோயரால் ஊதும்போது ஃபேன் சுழலாதபடி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பிறகும், மின்னேற்றத்தைச் சேமிக்கும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இன்டெல் பிராசஸருடன் வரும் ஹீட் சிங்க்கைப் பல மாடல்களில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் பிடித்திருக்கும். வீடு மாறும்போது அதில் ஒன்று கழன்றிருந்தால் கூட வெப்பம் எகிறும். அப்படி இருந்தாலோ, பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெடித்திருந்தாலோ, பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவுப் புதிய பேஸ்ட் வைத்து, கால்களை எதிரெதிர் மூலையாக, சொடுக்கும் ஓசை கேட்கும்வரை அழுத்துங்கள்.

பிறகு அதே எடிட்டிங் வேலையைச் செய்து மீண்டும் அளந்து பாருங்கள். 80 டிகிரிக்குள் இருந்தும் கணினி அணைந்தால், அப்போது மெக்கானிக்கிடம் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைத் தற்காலிகமாகப் பொருத்திச் சோதிக்கச் சொல்லுங்கள். அதில் அணையாமல் ஓடினால் மட்டும் புதியதை வாங்குங்கள்.