கொழும்புத் தொடர்மாடியில் இருந்துகொண்டு இறாலுக்குப் புகை போட முடியுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: ஒரு சாப்பாட்டுக் கடையில் புகை போட்ட இறால் சாப்பிட்டாராம், அந்தச் சுவை இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லையாம். கொழும்பில் தொடர்மாடியில் இருப்பவர் இதை வீட்டில் செய்யலாமா என்று கேட்கிறார். "இதெல்லாம் வெள்ளைக்காரன் சாப்பாடு, எங்களுக்கு எதற்கு" என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

செய்யலாம். நான் வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் இருக்கிறேன். 2022 இலிருந்து செய்து வருகிறேன். செய்முறைக்குப் பிறகு வருகிறேன். என்னை எழுத வைத்தது அந்தக் கடைசி வரிதான்.

உங்கள் வீட்டில் சம்பலுக்கு மாசி போடுவதில்லையா? மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, கட்டை போல ஆகும்வரை காயவைத்தது. அம்மியிலோ உரலிலோ இடிக்கும்போது எழும்பும் வாசனையில் பாதி, புகையின் வாசனைதான். மீன் கறிக்குப் புளிப்புக்காகப் போடும் கொறக்காவை எடுத்து மணந்து பாருங்கள். வெயிலும் புகையும் பட்டுத்தான் அது அப்படிக் கறுத்துப் போயிருக்கிறது. இவற்றையெல்லாம் தினமும் சாப்பிட்டுக்கொண்டு புகை போட்ட இறாலை மட்டும் வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

என் அம்மா யாழ்ப்பாணத்து மீனவர் ஊரான குருநகரில் பிறந்தவர். அம்மப்பா கடல் தொழில் செய்தவர். மாரி காலத்தில் வெயில் இல்லாமல் கருவாடு போட முடியாத நாட்களில், இறாலை ஈர்க்கில் கோர்த்து அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிடுவார்கள் என்று அம்மா சொல்லுவார். அதற்கென்று தனியாக ஒரு பெயர்கூட வைக்கவில்லை. கெட்டுப்போகாமல் இருக்கச் செய்த வேலை, அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ, எனக்கும் நாற்பது வயது தாண்டும் வரை அது ஒரு சாப்பாடாகவே தோன்றவில்லை.

2019 இல் நானாக ஒரு தடவை முயன்றேன். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி தன் வீட்டுப் பின்வளவில் புகைப்பெட்டி வைத்திருக்கிறான், படம் படமாக அனுப்புவான். அந்த ஆசையில், தளபாடம் செய்யும் இடத்தில் ஒரு பை மரத்தூள் வாங்கி வந்து, பல்கனியில் பழைய தகரப் பெட்டிக்குள் கரி மூட்டி, கழுவிய இறாலை அப்படியே உள்ளே வைத்தேன். வெளியே எடுத்தபோது ஓட்டின் மேல் தார் பூசியது போலக் கோடு கோடாக ஒழுகி இருந்தது. வாயில் வைத்தால் கசப்பு, நாக்கு நுனி மரத்துப் போனது. ஐந்தாம் மாடியிலிருந்து தொலைபேசி வந்தது. அடுத்த கிழமை நிர்வாகக் கொமிட்டியிலிருந்து கடிதமும் வந்தது. ஒரு கிலோ இறாலையும் குப்பையில் கொட்டினேன். தளபாடத் தூளில் பசை, பொலிஷ், பூச்சிக்கு அடித்த மருந்து எல்லாம் கலந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தயவுசெய்து நீங்கள் அதைத் தொடவே வேண்டாம்.

அதற்குப் பிறகு 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் வெட்டினார்களே, அந்தக் கிழமை. காஸ் சிலிண்டரும் இல்லை. எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் மொட்டை மாடியில் செங்கல் வைத்து விறகில் சமைத்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து முல்லைத்தீவிலிருந்து மருமகன் இரவு பஸ்ஸில் ரெஜிபோம் பெட்டி நிறைய நந்திக்கடல் இறால் கொண்டுவந்து இறக்கினான். மூன்று கிலோ இருக்கும். பிரிஜ் வெறும் அலுமாரியாக நிற்கிறது. ஐஸ் பாதி கரைந்துவிட்டது. ஒரு கிலோவைக் கறி வைத்தோம், கொஞ்சம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். மிச்சத்தை என்ன செய்வது என்று நான் நிற்க, அம்மா ஒரு கட்டு ஈர்க்கைக் கையில் எடுத்தார்.

அன்று நான் பார்த்ததைத்தான் இன்றுவரை செய்கிறேன். உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டார். வடித்து எடுத்து, பழைய நூல் சேலையில் ஒவ்வொன்றாக ஒற்றினார். சுளகில் பரப்பிக் காற்றுப் படும் பக்கம் வைத்தார். நான் அவசரப்பட்டு அடுப்பை ஊதப் போக, "தம்பி, ஈரத்தோட புகைக்குள்ள விட்டா கரிதான் பிடிக்கும், கையில ஒட்டுற பதம் வரட்டும்" என்றார். அரை மணிநேரத்துக்கு மேல் இருக்கும், விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். ஈரப் பளபளப்பு போய், ஓடு மங்கலாகி, விரல் நுனியில் பசை போல மெல்ல ஒட்டியது. அப்புறம்தான் கோர்த்தார். ஒரு ஈர்க்குக்கு எட்டு இறால், ஒன்றை ஒன்று முட்டாமல்.

இரண்டாம் மாடியில் இருக்கும் சிங்கள அன்ரி அம்பலாங்கொடைப் பக்கம். பட்டை உரித்த கறுவாத் தடிகளை விறகாக ஊரிலிருந்து கட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு கட்டைத் தந்தார். தணலின் மேல் அந்தத் தடியும், அதன் மேல் தண்ணீர் தெளித்த தேங்காய்ப் பொச்சும். சுவாலை எழும்பினால் அம்மா உடனே கையால் தண்ணீர் தெளிப்பார். அடுப்பிலிருந்து ஒரு முழத்துக்கு மேலே கம்பியில் ஈர்க்குகள். சாம்பல் நிறத்தில் இருந்த இறால் முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு பனம்பழத்தின் உட்சதை நிறத்துக்கு வந்தது. தலையிலிருந்து ஒரு சொட்டு தணலில் விழுந்து சுரீர் என்றது. அந்த மணம் வந்ததும், கடிதம் அனுப்பிய கொமிட்டியில் இருந்த ஒருவர் பிளேட்டோடு வந்து நின்றார். நான் மனமாரக் கொடுத்தேன்.

எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், கோல் ஃபேஸ் பக்கம் முழுக்க இருட்டாகக் கிடக்க, எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டோம். சூடாக ஓட்டை உரித்தால் உள்ளே சதை ஈரமாக, இனிப்பாக இருந்தது.

சரி, செய்முறை. மொட்டை மாடியில் இப்போது விறகு மூட்ட விடமாட்டார்கள், அதனால் குசினியில் தாச்சியில் செய்கிறேன். இது உண்மையான புகையிடல் இல்லை, பெட்டியும் வெப்பமானியும் வேண்டும் என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் சொல்லக் கூடும். அவர்களுக்குப் பின்வளவு இருக்கிறது. எங்களுக்கு இருப்பது இரண்டு அடி பல்கனி.

கிலோவுக்கு முப்பது நிற்கும் அளவு இறால் வாங்குங்கள். சிறியது என்றால் புகை பிடிக்கும் முன்பே சதை இறுகிவிடும். நந்திக்கடலும் யாழ்ப்பாணக் கடனீரேரியும் எல்லோருக்கும் வாய்க்காது. புத்தளம், சிலாபம் பக்கத்துப் பண்ணை இறாலும் நல்லதுதான். பேலியகொடை மீன் சந்தைக்கு விடியக் காலை போக முடியாவிட்டால் வெள்ளவத்தைச் சந்தை போதும். தலையும் கால்களும் கறுத்திருந்தால் பிடித்துச் சில நாளாகிவிட்டது என்று அர்த்தம், அமோனியா வாசம் அடித்தால் விலை பேசவே வேண்டாம். ஓட்டை உரிக்காமல், கத்தரிக்கோலால் முதுகைக் கீறிக் குடலை மட்டும் எடுங்கள். ஓடுதான் சதையைக் காய்ந்துபோகாமல் காக்கும்.

ஒரு லீட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு, 20 நிமிடம். அதற்கு மேல் விட்டால் சதை ரப்பர் போலாகும்.

அடுத்தது காயவைப்பது. கொழும்பில் எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். யாழ்ப்பாணத்துச் சோளகக் காற்றில் அரை மணிநேரத்தில் காய்வது, இங்கே கடற்கரைப் புழுக்கத்தில் இரண்டு மணிநேரம் வைத்தாலும் நசநசவென்றே இருக்கும். அவ்வளவு நேரம் வெளியே கிடந்தால் இறால் பழுதாகும். அதனால் கம்பித் தட்டில் பரப்பி, மூடாமல், பிரிஜ்ஜுக்குள் இரண்டு மணிநேரம் வையுங்கள். பிரிஜ்ஜுக்குள் இருக்கும் உலர்ந்த காற்று ஈரத்தை இழுத்துவிடும். ஈரம் போனதும் மேலே புரதம் மெல்லிய படலமாகப் படியும், புகை பிடிப்பது அந்தப் படலத்தில்தான். தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். அம்மாவின் பதம் அதுதான்.

அடி தடித்த பழைய இரும்புத் தாச்சியில் அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக விரியுங்கள். ஒட்டாத பூச்சுப் பூசிய தாச்சி வேண்டாம், வெறுஞ்சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து நச்சுப் புகை வரும். தாளின் மேல் இரண்டு கரண்டி பச்சையரிசி, இரண்டு கரண்டி தேயிலை, ஒரு கரண்டி சிவப்புச் சீனி. சீனர்கள் வாத்துக்குத் தேயிலைப் புகை போடும் வழி இது. கறுவாத் தடிச் சீவல் கிடைத்தால் ஒரு பிடி சேர்ப்பேன். மெல்லிய புகை எழும்பத் தொடங்கியதும் உள்ளே கம்பித் தட்டை வைத்து, இறாலை ஒற்றை வரிசையாக அடுக்கி, இறுக்கமான மூடியால் மூடி, விளிம்பை ஈரத் துணியால் சுற்றி அடைத்துவிடுங்கள், துணியின் நுனி நெருப்புப் பக்கம் தொங்கக் கூடாது. சின்ன நெருப்பில் எட்டு நிமிடம், பிறகு நெருப்பை நிறுத்தி, திறக்காமல் ஐந்து நிமிடம். சதை கண்ணாடி போல இல்லாமல் வெள்ளையாகி இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் உள்ளே 63 பாகை செல்சியஸ். மூடியைப் பல்கனியில் திறந்தால் வீட்டில் மணம் நிற்காது.

கரியை மட்டும் குசினிக்குள் மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமே கிடையாது, பூட்டிய அறையில் ஆளைக் கொல்லும்.

புற்றுநோய் வரும் என்று கீழே யாராவது எழுதுவார்கள். நான் மறுக்கவில்லை. விறகுப் புகையில் பென்சோபைரீன் என்ற பொருள் இருக்கிறது, புகையிட்ட மீனில் அது கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014 இலிருந்து வரம்பு வைத்திருக்கிறது. அதனால்தான் சுவாலை வேண்டாம், கொழுப்பு நெருப்பில் ஒழுக வேண்டாம், கறுத்த பகுதியைச் சாப்பிட வேண்டாம் என்கிறேன். நான் மாதத்தில் ஒரு தடவை செய்கிறேன், தினமும் இல்லை. இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் புகை போட்டாலும் அது ஒத்துக்கொள்ளாது. இன்னொன்று, இப்படிப் புகை போட்டது கருவாடு ஆகிவிடாது. பிரிஜ்ஜில் மூன்று நாள், அவ்வளவுதான். காற்றில்லாத பையில் அடைத்து வெளியே வைப்பது ஆபத்து.

இன்னொன்றையும் சொல்லித்தான் முடிக்க வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் குறைவு என்றாலும். 2009 இல் வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தேன். பத்திரிகை விளம்பரங்களில் "சைவ உணவு உண்பவர்கள் விரும்பத்தக்கது" என்று இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் வீடு, அவர்கள் விருப்பம். ஆனால் ஒரு வீட்டில் அந்த நிபந்தனை இல்லை. ஒரு வருட முற்பணம்வரை பேசி முடித்து, தேத்தண்ணீர் தந்த பிறகு, "தம்பி ஊரில எவடம்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். குருநகர் என்றேன். முகம் மாறியது. வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் தரகர் தொலைபேசி எடுத்து, "அவை வீட்டில மீன் மணம் வேண்டாமாம்" என்றார். அந்த வீட்டுக் குசினியில் அன்றைக்கே மீன் பொரிந்துகொண்டிருந்தது, நான் என் மூக்கால் மணந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் தன் சேலைத் தலைப்பை எடுத்து மணந்து பார்த்தார். அதை நான் மறக்கவே இல்லை. இது எங்கள் சாப்பாடு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவு வருவது அந்தத் தலைப்புத்தான்.

உங்கள் வீட்டில் எப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால், முதலில் அப்படியே தட்டில் வைக்காதீர்கள். சதையைச் சின்னதாகக் கிள்ளி, தேங்காய்ப்பூச் சம்பலில் மாசிக்குப் பதிலாகப் போட்டு இடியுங்கள், பாணுடன் கொடுங்கள். கணவாய்க்கு இந்த வேலை சரிவராது, இறுகிவிடும். கும்பளாவும் சாளையும் கொழுப்பு மீன், புகையை நன்றாகப் பிடிக்கும், ஆனால் நேரம் இரண்டு மடங்கு வேண்டும். உரித்த ஓட்டையும் தலையையும் எறியாமல் தண்ணீரில் அரை மணிநேரம் கொதிக்கவிட்டு வடியுங்கள். அந்தத் தண்ணீரில்தான் அம்மா இப்போது ஒடியற்கூழ் காய்ச்சுகிறார்.