பூட்டிவிட்டுப் போனால் கதவைப் பிறாண்டும் நாய்

வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனால் உங்கள் நாய் கதவைப் பிறாண்டுகிறது, இன்னொரு குட்டி வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆகாதுங்க. அது தேடுவது துணையை அல்ல, உங்களை. நீங்கள் கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பப் போகிறீர்கள் என்பது வண்டிச் சாவிச் சத்தத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும். எங்கள் நாட்டு நாய் ஹெல்மெட்டைத் தொட்டாலே உதட்டை நக்கிக்கொண்டு நடுங்கும்.

முதலில் ஒரு பழைய போனைச் சன்னலில் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். பிரிவுப் பயம், அதாவது தனியே விட்டால் வரும் பதற்றம் என்றால் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள்ளேயே மூச்சிரைப்பு, எச்சில், ஊளை எல்லாம் தெரியும். நன்றாகத் தூங்கி எழுந்து அப்புறம் செருப்பைக் கடித்தால், அது பொழுது போகாத சேட்டை.

பயம்தான் என்றால், சாவியை எடுத்து ஹெல்மெட்டை மாட்டி, எங்கும் போகாமல் உட்காருங்கள். தினமும் 10 தடவை. அது கண்டுகொள்ளாமல் படுத்துக்கொண்ட பிறகு, கதவுக்கு வெளியே 5 விநாடி மட்டும் நில்லுங்கள். கலங்குவதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும். நேரத்தை மெல்லத்தான் கூட்டணும். எங்களுக்கு 40 நிமிடத்தைத் தாண்ட 2 மாதம் ஆனது.

இதில் கஷ்டமே, பழக்கும் நாட்களில் நிஜமாகத் தனியே விடக் கூடாது என்பதுதான். திருப்பூரிலேயே அம்மாயி வீடு இருக்கிறது என்றீர்களே, ஷிப்ட் நேரத்துக்கு அங்கே விடுங்கள். சங்கிலியில் கட்டிவிட்டுப் போகாதீர்கள், இழுத்துக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

வயதான நாய் திடீரென இப்படி ஆனால் வலியாகவும் இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் தூக்க மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.