கேள்வி–பதில்: சாஃப்ட்வேர்காரருக்கு உரிமம் ஏன் இல்லை?

கே: டாக்டருக்கும் வக்கீலுக்கும் உரிமம் வேண்டும் என்கிறார்கள். சாஃப்ட்வேர் எஞ்சினியர் என்று மட்டும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா?

ப: பல நாடுகளில் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். முறைப்படுத்த முயலாமலும் இல்லை. 1998-ல் டெக்சாஸ் மாநிலம் உரிமம் தரத் தொடங்கியது, அப்புறம் 2013-ல் அமெரிக்காவில் இதற்கென்றே தேர்வு வந்தது, எழுத ஆளில்லாமல் 2019-ல் அதை மூடியும் விட்டார்கள். வேலை தருகிறவர் கேட்காத சான்றிதழுக்காக யார் ராத்திரி கண்விழித்துப் படிப்பார்கள்?

ஆனால் தெராக்-25 என்ற, புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் இயந்திரத்தை நினைத்தால் சும்மா விட மனம் வரவில்லை. முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் பாதுகாப்பை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் நிரல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள்; இயக்குபவர் தப்பாகத் தட்டியதைச் சட்டென்று திருத்தினால் திரையில் மாறும், உள்ளே முழுதாக மாறாது. 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு, சிலர் இறந்தே போனார்கள்.

அதனால் என் கட்சி இதுதான்: விளையாட்டுச் செயலி எழுதுகிறவரை விட்டுவிடலாம். விமானம், பிரேக், மருத்துவக் கருவி என்றால் உரிமம் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும், நிர்வாகம் அவசரப்படுத்தினால் மறுக்கிற அதிகாரத்தோடு.